கோழிக்குக் காயம்: கழுவுவதா, கட்டுவதா, மருத்துவரிடம் போவதா?

கோழிகள் அடையும் நேரத்தில்தான் அதைக் கவனித்தேன். மற்ற பேடுகளெல்லாம் கட்டையில் ஏறி இடம் பிடித்துக்கொண்டிருந்தன. செம்பழுப்புப் பேடு மட்டும் தரையிலேயே, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளிழுத்தபடி நின்றது. காலையில் அது தீவனம் தின்றதைப் பார்த்திருந்தேன்; முட்டைகூட இட்டிருந்தது. தூக்கி இறக்கையை விரித்துப் பார்த்தபோது, தொடைக்கு மேலே விலாப்பக்கத்தில் தோல் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து தசை தெரிந்தது. கிழிசலின் ஓரத்து இறகுகள் காய்ந்த இரத்தத்தில் ஒட்டிக் குச்சி போல விறைத்திருந்தன. அன்று பட்ட காயமாகத் தெரியவில்லை. இரண்டு நாளாவது ஆகியிருக்கும். சேவல் மிதிக்கும்போது அதன் நகம் கிழித்திருக்கிறது. மேலே இறகு போர்வை போல மூடியிருந்ததால் அந்த இரண்டு நாளும் என் கண்ணில் எதுவும் படவில்லை.

மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அன்று நான் கேட்டுக்கொண்ட கேள்வி, 'எதைப் பூசுவது?' என்பதுதான். கோழி வளர்க்கும் பெரும்பாலோர் முதலில் கேட்பதும் அதையே. அதன்பின் பல காயங்களைப் பார்த்துவிட்டேன். பூசுவது கடைசியில் வர வேண்டிய கேள்வி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். வீட்டிலேயே பார்க்கலாமா, உடனே கைவைக்கலாமா, எதைக் கொண்டு கழுவுவது, மூடுவதா திறந்து விடுவதா, கூட்டத்திலிருந்து பிரிப்பதா என்று அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வழிகள் உண்டு. எந்த வழி எப்போது பொருந்தும், நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வீடா, மருத்துவரா?

காயத்தின் அளவைப் பார்த்து இதை முடிவு செய்வது தவறு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும் காயங்கள் பல வீட்டிலேயே ஆறுகின்றன. மற்ற கோழிகள் கொத்திக் கொத்தித் தலையின் பின்புறத் தோலையே உரித்துவிட்ட பேடுகள் சில வாரங்களில் தோல் மூடி, மீண்டும் இறகு முளைத்து நடமாடுவதுண்டு. கொண்டையில் பட்ட வெட்டு முகமெல்லாம் இரத்தமாக்கிவிடும். ஆனால் அங்கே இரத்த ஓட்டம் மிகுதி என்பதால் அது விரைவாக ஆறும். மாறாக, பூனையின் பல் பட்ட இடத்தில் ஊசி குத்தியது போல இரண்டு புள்ளிகள்தான் தெரியும். கோழியை இழக்க வைப்பது பெரும்பாலும் அந்தப் புள்ளிகளே.

ஆகவே எத்தனை பெரிய காயம் என்பதை விட, யார் உண்டாக்கியது, எந்த இடத்தில் என்பவையே முக்கியம். கொத்தியதும், சேவலின் நகம் கிழித்ததும், கம்பியில் மாட்டிக் கிழிந்ததும் பொதுவாகத் தோலோடு நின்றுவிடும். அவற்றை வீட்டில் தைரியமாகப் பார்க்கலாம். நாய் கவ்விய காயத்தில் மேலே தெரிவது குறைவு. தோலுக்கு அடியில் தசை நசுங்கிக் கிடக்கும், நாய் உலுக்கியிருந்தால் தோல் தசையை விட்டே பிரிந்திருக்கும். பூனை, நாய் இரண்டின் வாயிலும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இயல்பாகவே இருக்கிறது. பல் அதை ஆழத்தில் விதைத்துவிடுகிறது. மேலே துளை மூடிக்கொண்டதும் உள்ளே அது பெருகுகிறது. பல் பட்ட காயம் என்று தெரிந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மருத்துவரைப் பார்த்துவிடுவதே சரி. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது.

இடத்தைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது காற்றுப்பைகள். கோழியின் நுரையீரலோடு சேர்ந்து உடலுக்குள் பல காற்றுப்பைகள் இருக்கின்றன. அவை மார்பு, வயிறு என்று பரவி, சில எலும்புகளுக்குள்ளும் செல்கின்றன. முதுகிலோ விலாவிலோ கழுத்தடியிலோ பட்ட ஆழமான காயம் அவற்றைத் தொட்டுவிடலாம். மூச்சு விடும்போது காயத்தில் குமிழி வந்தாலோ, சுற்றியுள்ள தோல் காற்றடைத்தது போல உப்பி, தொட்டால் நொறுநொறுவென்று இருந்தாலோ அது வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது. அந்தக் காயத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் கூடாது. தண்ணீர் நேராக மூச்சுப் பாதைக்குள் போய்விடும். வயிறு திறந்திருப்பது, எலும்பு வெளியே தெரிவது, கண், எவ்வளவு அழுத்தியும் நிற்காத இரத்தம் இவையும் மருத்துவருக்கு உரியவை. கழுத்தடியில் தின்ற இரையைச் சேர்த்து வைக்கும் தீனிப்பை கிழிந்து, தின்ற தானியமும் குடித்த தண்ணீரும் காயத்தின் வழியே வெளியே வந்தால் அதற்குத் தையல் வேண்டும். மருந்து பூசிப் பயனில்லை.

உடனே கைவைப்பதா, சற்று விடுவதா?

பதற்றத்தில் நாம் செய்யும் பிழை இங்கேதான். ஒரு பருந்தின் பிடியிலிருந்தோ நாயின் வாயிலிருந்தோ தப்பி வந்த கோழியை அடுத்த நிமிடமே பிடித்து, தண்ணீரில் நனைத்து, கத்தரித்து, மருந்து போட்டால், காயம் கொல்லாத கோழியை அந்த அதிர்ச்சி கொன்றுவிடக்கூடும். இரத்தம் வடிகிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். வடிந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம், துணியை எடுத்து எடுத்துப் பார்க்காமல், ஒரே அழுத்தமாகப் பிடியுங்கள். 2 கிலோ எடையுள்ள பேட்டின் உடலில் மொத்த இரத்தமே ஏறத்தாழ 120 முதல் 160 மில்லிதான். ஒரு சிறிய குவளை அளவு. கொஞ்சம்தானே வடிகிறது என்று விட்டுவிட முடியாது. நகமோ அலகின் நுனியோ உடைந்து இரத்தம் வந்தால் சோள மாவை அந்த இடத்தில் அழுத்திப் பிடித்தால் போதும், நின்றுவிடும். ஆனால் மாவு நகத்துக்கும் அலகுக்கும் மட்டுமே. திறந்த சதையில் மாவைத் தூவினால் அது களிம்பாகி, பின்னால் கழுவி எடுப்பது பெரும்பாடாகிவிடும்.

இரத்தம் நின்றபின், ஒரு மூடிய பெட்டியில் மெத்தென்ற துணி விரித்து, ஒரு பக்கம் மட்டும் கதகதப்பாக இருக்கும்படி செய்து, இருட்டில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுவது என் வழக்கம். ஒரு பக்கம் மட்டும் என்பது ஏனென்றால், சூடு மிகுந்தால் கோழி தானே விலகிக்கொள்ள இடம் வேண்டும். கோழியின் உடல் வெப்பம் இயல்பாகவே 41 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அதிர்ச்சியில் அது இறங்கும்போது நம் கைக்குக் கால்கள் சில்லென்று படும். கண்ணைத் திறந்து, தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கத் தொடங்கியபிறகு கழுவ எடுக்கலாம். இரண்டு நாள் பழைய காயம், புழு வைத்த காயம் என்றால் இந்தக் காத்திருப்பு தேவையில்லை, உடனே தொடங்கலாம்.

பிடிக்கும் முறையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சே. துண்டில் இறுகச் சுற்றி மார்பை அழுத்திப் பிடித்தால், அடங்கிப்போய் ஒத்துழைக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். இறக்கைகளை மட்டும் உடலோடு சேர்த்து அணைத்து, தலையை மெல்லிய துணியால் மூடினால் போதும். இருட்டானதும் கோழி தானாகவே தணிந்துவிடும்.

எதைக் கொண்டு கழுவுவது?

காயம் ஆறுவதில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலையில் இருக்கிறது. பூசும் மருந்துக்கு நாம் கொடுக்கும் கவனத்தில் பாதியைக் கழுவுவதற்குக் கொடுத்தால் எத்தனையோ கோழிகள் பிழைக்கும்.

முதலில் இறகு. காயத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு இறகை அகற்றாவிட்டால் அது சீழில் ஒட்டி அழுக்கைக் காயத்துக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும். பிடுங்குவதா, கத்தரிப்பதா? பிடுங்கிய இறகு சில வாரங்களில் புதிதாக முளைக்கும். கத்தரித்தது அடுத்து இறகு உதிர்க்கும் காலம் வரை குட்டையாகவே நிற்கும். இதைச் சொல்லிப் பிடுங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கோழியின் தோல் தாள் போல மெல்லியது. ஏற்கெனவே கிழிந்த இடத்தில் இறகைப் பிடுங்கினால் கிழிசல் இன்னும் நீளும், வலியும் கடுமையாக இருக்கும். நான் கத்தரிக்கத்தான் செய்வேன். கத்தரிக்கும்போது அடிப்பகுதி நீலமாக, தடித்து இருக்கும் முளை இறகுகளை மட்டும் விட்டுவிட வேண்டும். அவற்றுக்குள் இரத்தம் ஓடுகிறது. வெட்டினால் புதிதாக ஒரு இரத்தக்கசிவைச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

இனி கழுவும் நீர். வெதுவெதுப்பான உப்புநீர்தான் என் முதல் தேர்வு. கொதிக்க வைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி அளந்த தேக்கரண்டியில் ஒன்றரை. உடல் திரவத்தின் உப்புச் செறிவும் ஏறத்தாழ இதேதான் என்பதால் புதிதாக வளரும் செல்களை இது வதைப்பதில்லை. உப்புநீர் கிருமியைக் கொல்வதில்லை என்று சிலர் குறைப்படுவார்கள். கொல்லாது, அடித்துக்கொண்டு போகும். காயத்தில் மண்ணும் எச்சமும் காய்ந்த இரத்தமும் இருக்கும் வரை எந்தக் கிருமிநாசினியும் உள்ளே போய் வேலை செய்வதில்லை. 20 மில்லி சிரிஞ்சில் நிரப்பி, ஊசி இல்லாமல், ஓரளவு வேகத்தோடு பீய்ச்ச வேண்டும். ஒன்றிரண்டு சிரிஞ்சு போதாது. செம்பழுப்புப் பேட்டுக்கு அன்று நான் முக்கால் லிட்டர் செலவழித்தேன். முதலில் பழுப்பாகவும், பிறகு இளஞ்சிவப்பாகவும் ஓடிய நீர் கடைசியில் தெளிவாக ஓடியது. அதற்குப் பிறகுதான் கிழிசலின் உண்மையான அடியே தெரிந்தது; விளிம்புக்கு அடியில் ஒரு சிறிய பை போலக் குடைந்திருந்த இடத்தில் வைக்கோல் துணுக்கு ஒன்று ஒளிந்திருந்தது. அதை எடுக்காமல் எந்தக் களிம்பைப் பூசியிருந்தாலும் வீண்.

உப்புநீர் தயாராக இல்லையென்றால் குடிக்கத் தகுந்த சாதாரணத் தண்ணீரே முதல் கழுவலுக்குப் போதும். உப்புநீருக்காகக் காத்திருந்து காயத்தை அழுக்கோடு விடுவதைவிட இது மேல்.

அழுக்கு நீங்கிய பிறகு கிருமிநாசினி வேண்டுமென்றால் இரண்டைச் சொல்லலாம். ஒன்று, போவிடோன் அயோடின். 10 சதவீதக் கரைசல் 1 பங்குக்குக் குறைந்தது 10 பங்கு தண்ணீர் சேர்த்து, வெளிறிய தேன் நிறத்துக்குக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். பாட்டிலிலிருந்து அப்படியே ஊற்றினால் கிருமியோடு சேர்த்துப் புதிய தசையையும் அது தாக்கும். இன்னொன்று குளோர்ஹெக்சிடின். 2 சதவீதக் கரைசல் 1 பங்குக்கு 40 பங்கு தண்ணீர். இது அயோடினை விட நீண்ட நேரம் வேலை செய்கிறது, சீழ் இருந்தாலும் ஓரளவு பயன் தருகிறது. ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் அருகில் கூடவே கூடாது, கருவிழியைக் கெடுத்துவிடும். இதை உப்புநீரில் கலக்கவும் வேண்டாம். மருந்து படிந்து அடியில் தங்கிவிடும், வெறும் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். தலையில் பட்ட காயத்துக்கு அயோடின், உடலில் பட்டதற்குக் குளோர்ஹெக்சிடின் என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துக்கொண்டு வரும்போது சுத்தமாகிறது என்ற திருப்தி நமக்குக் கிடைக்கிறது. இரத்தத்திலும் திசுவிலும் உள்ள ஒரு நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பதால் வரும் நுரை அது. அழுக்கே இல்லாத நல்ல சதையில் ஊற்றினாலும் நுரைக்கும். காயத்தை மூட வரும் செல்களை அது கொல்கிறது. ஆழமான துளையில் ஊற்றினால் அந்த வாயு உள்ளே அடைபட்டு, இரத்தக் குழாய்க்குள் புகும் ஆபத்தும் உண்டு. இறகில் காய்ந்த இரத்தத்தைப் போக்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம். ஸ்பிரிட்டைத் திறந்த காயத்தில் ஊற்றுவது வலியைத் தவிர வேறெதையும் கொடுக்காது. நம் கைகளையும் கத்தரியையும் துடைக்க அதை வைத்துக்கொள்வோம்.

கழுவி முடித்ததும் ஈரத்தை ஒற்றி எடுத்து, கோழி முழுவதும் உலரும் வரை கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டும். நனைந்த இறகு குளிரைத் தடுக்காது.

எதைப் பூசுவது, எதை விடுவது?

எதுவும் பூசாமல் விடுவதும் ஒரு வழி. சிராய்ப்பு, கொண்டையில் சிறு வெட்டு, மேலோட்டமான கொத்துக்காயம் இவற்றுக்கு நான் அப்படியே செய்கிறேன். அகன்று, தசை தெரிந்து, உலர்ந்து வெடிக்கும் காயத்துக்கு மட்டும் ஈரப்பதம் வேண்டும். 1962-ல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வில், ஈரமாக மூடி வைத்த காயத்தில் புதிய மேல்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் பரவியது. காயம் காய்ந்தால்தான் ஆறும் என்ற நம் பழைய எண்ணத்தை மாற்றிய ஆய்வு அது. கோழித்தோல் மிக மெல்லியது, விரைவில் உலர்ந்து சுருங்குவது. இந்தப் பாடம் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

ஈரப்பதம் தருவதற்கு மருத்துவப் பயன்பாட்டுக்கான தேன் நல்ல தேர்வு. அதிலுள்ள சர்க்கரைச் செறிவு பாக்டீரியாவிலிருந்து நீரை உறிஞ்சிவிடுகிறது. கதிர்வீச்சால் சுத்திகரிக்கப்பட்டிருப்பதால் சாதாரணத் தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகளும் இருக்காது. குறை என்னவென்றால், எறும்பும் ஈயும் தேடி வரும், கோழியே திரும்பிக் கொத்தித் தின்னும். வீட்டுக்குள் வைத்துப் பார்க்கும் கோழிக்கு மட்டுமே தேன் சரிவரும். சாதாரண ஆன்டிபயாடிக் களிம்பை மெல்லியதாக, காயத்தின் மேல் மட்டும், ஒரு படலம் போலப் பூசுவது எளிய வழி. அப்பிவிட்டால் சுற்றியுள்ள இறகெல்லாம் எண்ணெய் பிடித்து ஒட்டிக்கொள்ளும், உடம்பின் கதகதப்பு போய்விடும். தோல் உரிந்த பெரிய பரப்புக்கு சில்வர் சல்ஃபடயசின் 1 சதவீதக் களிம்பு மிகவும் நன்றாக வேலை செய்கிறது. எண்ணெய்ப் பசை இல்லை, தண்ணீரில் கழுவினால் போய்விடும். அதை மருத்துவரைக் கேட்டு வாங்குவது நல்லது.

களிம்பின் பெயரை விட அதன் உறைப் பின்புறத்தைப் படிப்பது முக்கியம். பென்சோகெயின், லிடோகெயின் என்று 'கெயின்' என முடியும் மரப்பு மருந்து கலந்திருந்தால் வேண்டாம். பறவையின் சிறிய உடலுக்கு அந்த அளவு எளிதில் மிகுந்துவிடும், மேலும் அது பூசியதைக் கொத்தி விழுங்கவும் செய்யும். ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்பு அதைவிட மோசம். தோலில் பூசிய சிறிதளவே பறவையின் உடல் முழுவதும் பரவி நோய் எதிர்ப்பாற்றலைக் குலைத்துவிடும். வீட்டில் அரிப்புக்கு என்று வைத்திருக்கும் குழாய்களில் பல ஸ்டீராய்டு உள்ளவை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். துத்தநாக ஆக்சைடு களிம்பும் விழுங்கினால் நஞ்சு.

ஊதா மருந்து என்று அறியப்படும் ஜென்ஷியன் வயலட்டுக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு: சிவப்பை மறைத்துவிடும், மற்ற கோழிகள் கொத்த வராது. ஆனால் அதற்குப் புற்றுநோய் ஐயம் இருப்பதால், முட்டைக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் விலங்குகளில் அதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. முட்டை தின்னும் வீட்டில் நான் அதை வைத்துக்கொள்வதில்லை. நிறத்தை மறைப்பதற்கு வேறு வழி, கோழியையே சில நாள் பிரித்து வைப்பதுதான்.

கட்டு, தையல், பசை

காலில் காயம் என்றால் கட்டு. உடலில் காயம் என்றால் பெரும்பாலும் கட்டு வேண்டாம். பாதம் எப்போதும் எச்சத்திலும் மண்ணிலும் படுவதால் அதைத் துணி வைத்துச் சுற்றியே ஆக வேண்டும். தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் பட்டை இதற்கு வசதி. அதைச் சற்று இழுத்துச் சுற்றினாலும் போகப் போக இறுகும். கட்டிய சில மணி நேரத்தில் விரல்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வீங்கியோ சில்லென்றோ இருந்தால் உடனே அவிழ்க்க வேண்டும். மார்பையும் விலாவையும் சுற்றிக் கட்டுவது முன்பு சொன்ன காரணத்தால் மூச்சையே அடைக்கும். முதுகுக்காயத்துக்குப் போடும் துணிச் சேணம் நல்ல கண்டுபிடிப்பு, ஆனால் அது ஆறிய தோலைச் சேவலிடமிருந்து காப்பதற்கு. ஈரமான பச்சைக் காயத்தின் மேல் போட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் போய்விடும்.

தைப்பதைப் பற்றி: தைத்து மூடிய காயம் பார்க்க நிறைவாக இருக்கிறது. சுத்தமான, சில மணி நேரமே ஆன வெட்டுக்கு அது பொருந்தும், அதுவும் தெரிந்தவர் கையால். இரண்டு நாள் பழைய கிழிசலையும் பல் பட்ட காயத்தையும் மூடினால் அழுக்கை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும். பசை போட்டு ஒட்டுவதும் அப்படியே. செம்பழுப்புப் பேட்டின் கிழிசலைத் தைத்துவிடலாமே என்று எனக்கும் கை பரபரத்தது. திறந்தே விட்டேன். அடியிலிருந்து இளஞ்சிவப்பான, மணிமணியான சதை நிரம்பி வந்து, விளிம்புகள் நாளுக்கு நாள் நெருங்கி, மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு கோடாக மூடிக்கொண்டது.

பிரிப்பதா, கூட்டத்தோடு விடுவதா?

இரத்தச் சிவப்பைக் கண்டால் கோழிகள் கொத்தும். பகை என்று இல்லை. சிவப்பு அவற்றை இழுக்கிறது. ஒரு சிறு புள்ளியில் தொடங்கி மாலைக்குள் உயிரே போகும் அளவுக்குக் கொத்திவிடும். பச்சைக் காயம் உள்ள கோழியைக் கூட்டத்தில் விடுவது எந்த நிலையிலும் சரியல்ல.

ஆனால் தனியாக வேறொரு அறையில் அடைத்துவிட்டால், அது இரை எடுக்காமல் சோர்ந்துவிடும். பத்து நாள் கழித்துத் திரும்பும்போது புதிய கோழி போலத் தாக்கப்படும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கூட்டத்துக்கு உள்ளேயோ ஒட்டியோ கம்பிக் கூண்டு வைத்து, பார்க்கலாம், கொத்த முடியாது என்ற தூரத்தில் வைப்பது. முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் இருட்டிலும் அமைதியிலும், பிறகு கம்பிக்கூண்டில் என்பது நான் கடைப்பிடிக்கும் முறை. ஈ மிகுந்த காலமானால் மட்டும் பொருக்குத் தட்டும் வரை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வேன். ஈ முட்டையிட்டால் ஒரே நாளுக்குள் புழு வைத்துவிடும். அரிசி நுனி போன்ற வெள்ளை முட்டைக் கொத்து இறகின் அடியில் ஒட்டியிருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்க்க வேண்டும். புழு தெரிந்தால் வெதுவெதுப்பான உப்புநீரைப் பீய்ச்சி, குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்து, சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். முதல் தடவையில் எல்லாம் போய்விடுவதில்லை.

கொத்துவது ஒரே ஒரு கோழி என்று கண்டுகொண்டால், காயம்பட்டதைப் பிரித்ததோடு நிற்காமல், அதையும் வேறோர் இடத்தில் சில நாள் தனியே வையுங்கள். திரும்பி வரும்போது அதன் பழைய அதிகாரம் குறைந்திருக்கும். எல்லாமே கொத்துகின்றன என்றால் இட நெருக்கடி, தீவனத்தில் புரதக் குறைவு, உண்ணித் தொல்லை இவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் காயத்தை ஆற்றி அனுப்பினால் அடுத்த வாரமே மறுபடி வரும்.

மாத்திரை, ஊசி, முட்டை

கோழி வலியை மறைக்கும். கூட்டத்தில் பலவீனமாகத் தெரிவது ஆபத்து என்பதால் வந்த இயல்பு. தின்றுகொண்டுதானே இருக்கிறது என்று வலியில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் நம் வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் போடுவதும் கூடாது. பறவைகளின் சிறுநீரகம் அவற்றில் பலவற்றைத் தாங்காது. மெலாக்சிகாம் போன்றவற்றை மருத்துவர் எடை பார்த்து அளந்து கொடுப்பார். ஆன்டிபயாடிக்கும் அப்படியே. மிச்சம் கிடக்கும் மாத்திரையைக் குடிநீரில் கரைத்து வைப்பவர்கள் உண்டு. நோயுற்ற கோழி குறைவாகவே குடிக்கும், எனவே தேவையான அளவு உள்ளே போகாது. கிருமிக்குத்தான் அந்த மருந்து பழகும். சுத்தமாகக் கழுவிய மேலோட்டமான காயத்துக்கு அது தேவையே இல்லை. பல் பட்ட காயத்துக்கு அவசியம் தேவை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத கோழிக்குக் கிடைத்து, தேவையான கோழிக்குக் கிடைக்காமல் போகிறது. எது கொடுத்தாலும் அந்த மருந்துக்கு எத்தனை நாள் முட்டையை விலக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில மருந்துகள் முட்டையிடும் கோழிக்கே கொடுக்கக் கூடாதவை. அமெரிக்கா 2005-ல் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிகளுக்குக் கொடுப்பதையே நிறுத்தியது.

ஆறுகிறதா, அழுகுகிறதா?

இரண்டாம் மூன்றாம் நாளில் காயத்தைச் சுற்றித் தோல் பச்சையாக மாறுவதைக் கண்டு, அழுகிவிட்டது என்று பயந்து கோழியை முடித்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் கன்றல். நம் உடலில் இரத்தக்கட்டு பச்சையாகிப் பின் மஞ்சளாகிறது. பச்சையை மஞ்சளாக்கும் நொதி பறவைகளுக்குப் போதிய அளவில் இல்லாததால் பச்சையிலேயே நின்று, பிறகு மெல்ல மறைகிறது. அழுகலுக்கு அடையாளம் நிறத்தை விட நாற்றம். இனிப்பு கலந்த கெட்ட வாடை, குளிர்ந்து கறுத்து உணர்வற்றுப்போன தோல், கூடிக்கொண்டே போகும் வீக்கம் இவை வந்தால்தான் கவலை.

கோழியின் சீழும் நம்முடையதைப் போல வடியாது. அதைக் கரைத்து நீராக்கும் நொதிகள் பறவையின் வெள்ளணுக்களில் குறைவு. ஆகவே சீழ் கெட்டியாக, உதிரும் மஞ்சள் கட்டியாகத் தங்கும். கீறிவிட்டால் வடிந்துவிடும் என்று பிதுக்கிப் பார்ப்பதில் பயனில்லை. அந்தக் கட்டியை அடியோடு எடுத்தால்தான் ஆறும், அதை மருத்துவர் கையில் விடுவதே நல்லது.

குடல் வெளியே வந்து காய்ந்துவிட்ட கோழி, முதுகெலும்பு முறிந்து இரு கால்களையும் இழுக்கும் கோழி, மூன்று நாளாகியும் தானாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மார்பெலும்பு துருத்தித் தெரியும் கோழி இவற்றை இழுத்துக்கொண்டு போவதை நான் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். துன்பமில்லாமல் முடித்துவைக்கத் தெரிந்த ஒருவரிடம் அன்றே கொண்டுபோவதையும் இந்த வழிகளில் ஒன்றாக வைத்துத்தான் யோசிக்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று ஒருமுறை தள்ளிப்போட்டு, அந்த இரவை ஒரு கோழி எப்படிக் கழித்தது என்பதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஆறிய கோழியைத் திருப்பி விடுவதற்குப் பொருக்கு உதிர்ந்து, அடியில் தோல் உலர்ந்து, நிறம் அடங்கியிருக்க வேண்டும். பகலில் விடுவதை விட, எல்லாம் அடைந்த பின் இருட்டில் கட்டையில் ஏற்றிவிடுவது நல்லது. மறுநாள் விடியும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். செம்பழுப்புப் பேட்டை இருபத்து மூன்றாம் நாள் இரவு அப்படித்தான் ஏற்றிவிட்டேன். காலையில் மூத்த பேடு வந்து அதன் தலையில் ஒரு கொத்து கொத்தியது, இது விலகிக்கொண்டது, இரண்டும் தீவனத் தொட்டிக்குப் போயின. சேவலை மட்டும், அதன் நகங்களின் கூர்முனையை அரத்தால் தேய்த்து மழுக்கிய பிறகும், விலாவில் இறகு முளைக்கும் வரை வேலிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தேன்.